ஆறப்போட்ட அறை

மார்ச் 4, செவ்வாய், காலை ஐந்து நாற்பது. நீ உன் அக்கா வீட்டுக்குப் போய் இன்றோடு பத்தொன்பது நாள்.

தூங்குமூஞ்சிக்கு,

நான் நலம். நீ நலமா என்று கேட்பது கடிதத்துக்கு முறை, கேட்டுவிட்டேன். பதிலைச் சுருக்கமாக எழுது.

போனில் நீ ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நான் மூன்று வாக்கியம் பேசிவிடுகிறேனாம். இனிமேல் எழுது, எழுதினால்தான் பதில் என்று சொல்லி வைத்துவிட்டாய். சரி, இதோ தாள், இதோ பேனா. கல்லூரிச் சோதனைக்கூட நோட்டுக்குப் பிறகு நான் கையால் எழுதுவது இதுதான். கோழி கிளறின மாதிரி இருந்தால் குற்றம் உன்னுடையது.

கடைச் செய்தி. இயந்திரம் ஓடுகிறது. தினம் விடிவதற்கு முன்னால் முதல் ஈடு காபிக்கொட்டை வறுத்து இறக்கிவிடுகிறேன். காபிக்கடை வைத்திருக்கிறாரே, வீட்டுக்குள்ளும் தொப்பியைக் கழற்றாதவர், அவர் நேற்று நேரிலேயே வந்துவிட்டார். "தம்பி, இது காபியா எலுமிச்சம்பழச் சாறா?" என்றார். கடை வாசலில் ஆறு பேர் நிற்கும்போது. போன வாரம் வறுத்ததை அன்றைக்கே பொடித்துக் குடித்திருக்கிறார். வறுத்த சூட்டோடு குடித்தால் எந்தக் கொட்டையும் அப்படித்தான் இருக்கும். உள்ளே அடைந்திருக்கும் வாயு வெளியேற வேண்டும். பத்து நாளாவது ஆறப்போட வேண்டும். நூறு தடவை சொல்லியாயிற்று. கோளாறு காபியில் இல்லை, உங்கள் நாக்கில் என்று சொல்லி அனுப்பினேன். தொப்பியை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு போனார். ஆர்டரை நிறுத்த மாட்டார். வேறு யாரிடம் போவார்?

மாடி அறையில் வறுத்த கொட்டை டிரம்கள் பதினான்கு ஆகிவிட்டன. கீழே சுவர் இன்னும் ஒழுகுகிறது. ஆறப்போட வீட்டில் அதைவிட நல்ல இடம் இல்லை. ஈரம் இல்லை, வெயில் இல்லை, ராத்திரியும் பகலும் ஒரே சூடு. ஜன்னல் இடுக்கில் ஒட்டியிருந்த பஞ்சு நாடா பிய்ந்திருந்தது, புதிதாக ஒட்டினேன். நான் வழக்கம்போலக் கீழே பெஞ்சில் படுத்துக்கொள்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். ஆஸ்பத்திரி விஷயம் முடிந்து ஐந்து மாதம் ஆகப்போகிறது. உடம்பில் ஒரு குறையும் இல்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்தாயிற்று. பத்து நாளில் திரும்பிவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனாய். எப்போது வருகிறாய்? தேதி மட்டும் போதும்.

அக்காவை விசாரித்ததாகச் சொல். பள்ளிக்கூட பஸ்ஸை விமானம் மாதிரி ஓட்ட வேண்டாம் என்றும் சொல்.

வெந்நீருக்கும் வெப்பமானி வைப்பவன் என்று நீ வைத்த பெயரிலேயே முடிக்கிறேன்,
மீட்டர்


மார்ச் 15

மீட்டருக்கு,

நான் இங்கே நலம். முறைக்காக எழுதவில்லை, உண்மையாகவே நலம். எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது. உன் கண் எரிச்சல் தேவலையா? புகைக்குழாயைச் சுத்தம் பண்ணினாயா?

இங்கே வந்த மூன்றாம் நாளே தலைவலி நின்றுவிட்டது. காலையில் எழுந்திருக்கும்போது தலைக்குள் ஈரத் துணியைத் திணித்து வைத்த மாதிரி இருக்கும் என்பேனே, அது இல்லை. அக்கா எனக்கு ஒதுக்கிக் கொடுத்திருப்பது சமையலறையை ஒட்டிய ஒரு நடை. ஜன்னலுக்குக் கதவே இல்லை, வெறும் வலைதான். எதிரில் பஸ் நிறுத்தம். நடத்துனர் விசில் ஊதினால் என் காதுக்குள் ஊதுகிற மாதிரி இருக்கும். அப்படியும் தூங்குகிறேன், விடிந்தால் எழுந்திருக்கிறேன். அங்கே கடைசி மாதம் ஐந்தையும் எட்டையும் கூட்ட விரல் மடக்கினேன், நினைவிருக்கிறதா? மூளை மழுங்கிவிட்டது என்று சிரித்தாய். போன வாரம் அக்காவின் வரிக் கணக்கை நானே உட்கார்ந்து போட்டுக் கொடுத்தேன். ஒரு தப்பு இல்லை.

உன் கடிதத்தில் "ஆஸ்பத்திரி விஷயம்" என்று இரண்டு சொல் இருக்கிறது. அதை நாலைந்து தடவை படித்தேன். அதற்கு மேல் நான் அதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.

தொப்பிக்காரரைப் பலர் முன்னால் பேசியது தப்பு. அவர் கோள் சொல்லவில்லை, குறைதான் சொன்னார்.

ஏப்ரல் ஐந்தாம் தேதி வருகிறேன். மாடி அறை ஜன்னலை ஒரு நாளாவது திறந்து போட்டு வை. ஈரம் வரும் என்பாய். இருந்தாலும் சொல்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு. அக்கா உன்னை விசாரித்தாள். வேகம் நாற்பதைத் தாண்டினால் பஸ்ஸே கத்துமாம், உன்னைத் தனியாகக் கத்த வேண்டாம் என்றாள்.

உன்,
நான்தான்


மார்ச் 21

தூங்குமூஞ்சிக்கு,

நலம். கண் எரிச்சல் போய்விட்டது. புகைக்குழாயைக் கழற்றித் தேய்த்தேன். உன் தலைவலி நின்றது நல்லதுதான். இங்கே நீ தண்ணீர் குடிக்காமல் படுத்தே கிடந்தாய், அதனால் வந்தது என்று அப்போதே சொன்னேன்.

ஏற்பாடுகள் முடிந்தன. மாடி அறைக் கட்டிலில் புது மெத்தை போட்டாயிற்று. பெரிய ஆர்டர் ஒன்று வந்திருப்பதால் டிரம் இரண்டு கூடிவிட்டது, பதினாறு. ஆனால் கதவிலிருந்து கட்டில் வரை இடிக்காமல் நடந்து போக வழி விட்டிருக்கிறேன். அளந்துதான் விட்டேன். அறை முழுக்க வாசனை. காபி வாசனையில் படுத்து எழுந்திருக்க ஜனங்கள் காசு கொடுப்பார்கள், உனக்கு சும்மா கிடைக்கிறது.

ஜன்னலைத் திறக்க முடியாது. வெளியே மழை. கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டேன், கோபப்படாதே.

ஐந்தாம் தேதி பஸ் நிலையத்தில் நிற்பேன். நேரத்துக்கு வா.

மீட்டர்


ஏப்ரல் 18

மீட்டருக்கு,

வந்து சேர்ந்தேன். நீ நலமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். நான் வந்த இரண்டாம் நாளே நலமாகிவிட்டேன். இந்தக் கடிதத்தை எழுதுவதே அதனால்தான்.

உன்னோடு ஏழு நாள் இருந்தேன். முதல் நாள் நன்றாக இருந்தது. நீ எனக்காகத் தனியாக வறுத்து ஆறவைத்த காபியைக் கிண்ணத்தில் ஊற்றி, கரண்டியால் உறிஞ்சிக் காட்டி, "என்ன வாசனை சொல்லு" என்று கேட்டாய். புது நோட்டு வாசனை என்றேன். சிரித்தாய். நீ சிரித்து எத்தனை மாதம். இரண்டாம் நாள் காலையில் தலை கனத்தது. மூன்றாம் நாள் வாந்தி. அப்புறம் படுத்தவள் எழுந்திருக்கவில்லை, காரணமில்லாமல் அழுதுகொண்டிருந்தேன். ஆறாம் நாள் நீ கதவு நிலையில் சாய்ந்து நின்று சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அக்கா வீட்டுல கல்லு மாதிரி இருக்க. இங்க வந்தாத்தான் உனக்கு வியாதி வருது. அப்ப என்ன அர்த்தம்?"

பஸ்ஸில் வழி முழுக்க அதைத்தான் யோசித்தேன். நீ கேட்டது நியாயமான கேள்வி. அங்கே வந்தால் உடம்பு படுக்கிறது, கிளம்பினால் எழுந்து உட்காருகிறது. ஒரு தடவை என்றால் தற்செயல். இரண்டு தடவை நடந்துவிட்டது. வாய் சொல்லத் தயங்குவதை உடம்பு சொல்லிவிடுகிறது போலிருக்கிறது. உன்னைப் பிடிக்காமல் போய்விட்டது என்று என் மனதுக்குத் தெரியவில்லை. உடம்புக்குத் தெரிந்திருக்கலாம்.

கொஞ்ச நாள் இல்லை, கொஞ்சம் நீண்ட நாளே பிரிந்து இருக்கலாம் என்று தோன்றுகிறது. நீ என்ன நினைக்கிறாய்? கோபத்தில் எழுதாதே. ஒரு வாரம் கழித்து எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

நான்


ஏப்ரல் 22

நலம்.

ஒரு வாரம் கழித்து எழுதச் சொன்னாய். முடிவு தெரிந்த சோதனைக்கு ஒரு வாரம் எதற்கு? அதே நீ, அதே சாப்பாடு, அதே தூக்கம். அங்கே நான் இல்லை, இங்கே நான் இருக்கிறேன். மாறுவது ஒன்றுதான். இரண்டு தடவை செய்தாயிற்று, இரண்டு தடவையும் ஒரே விடை. பள்ளிக்கூடப் பையன்கூட முடிவு எழுதிவிடுவான்.

உன் உடம்புக்கு நான் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் என்னிடம் மருந்து கிடையாது. பிரிவதற்கு என்ன காகிதம் வேண்டுமோ அனுப்பு, கையெழுத்துப் போடுகிறேன்.

புது மெத்தையை யாருக்காவது கொடுத்துவிடுகிறேன்.

அக்காவை விசாரித்ததாகச் சொல்.


மே 9

தம்பிக்கு அக்கா எழுதிக்கொள்வது.

நாங்கள் இங்கே சுகம் என்று எழுத வேண்டும். சுகம் இல்லை. நீங்கள் எப்படி?

உங்கள் கடிதம் வந்த அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை, மறுநாளும் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் நான் பஸ் சாவியைத் தூக்கிக் கீழே வைத்துவிட்டு, நீ சாப்பிட்டால்தான் முப்பது பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போகும் என்று உட்கார்ந்துவிட்டேன். அப்புறம் சாப்பிட்டாள். நான் இதை எழுதுவது அவளுக்குத் தெரியாது.

நான் படிக்காதவள் இல்லை, ஆனால் உங்கள் மாதிரிப் படித்தவளும் இல்லை. சோதனை, விடை என்றெல்லாம் எழுதியிருந்தீர்கள். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். ஆறு மாதம் வயிற்றில் இருந்த குழந்தை போய்விட்டது. பெண் குழந்தை. அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து இன்று வரை நீங்கள் அந்தக் குழந்தையைப் பற்றி அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லையாம். சத்து மாத்திரை வாங்கி வந்தீர்களாம், புகைக்குழாய் பற்றிப் பேசினீர்களாம். "அவருக்கு அது நடந்ததாவே இல்லக்கா" என்று சொன்னாள். எனக்கு அது பொய் என்று தெரியும். அவளுக்குத் தெரிய வேண்டாமா?

உங்கள் அம்மா இருந்திருந்தால் கொஞ்ச நாள் ஆறப்போடு என்று சொல்லியிருப்பார். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ஆறப்போட்டு ஆறப்போட்டுத்தான் இங்கே வந்து நிற்கிறது.

காகிதம் எதுவும் வராது. நான் அனுப்பவிட மாட்டேன். திட்டுவதானால் என்னைத் திட்டி எழுதுங்கள்.

அக்கா


மே 26

தூங்குமூஞ்சிக்கு,

நலமா? இதை உட்கார்ந்து படி. நான் இப்போது நலம், பத்து நாளாக நலமில்லை, ஏன் என்று தெரிந்துவிட்டது. வரிசையாக எழுதுகிறேன்.

பதினாலாம் தேதியிலிருந்து மாடி அறையில் படுத்தேன். கீழே மின்விசிறி ரிப்பேர். மூன்றாம் நாள் காலையில் தலைக்குள் ஈரத் துணி. வெயில் என்று நினைத்தேன். ஐந்தாம் நாள் கொட்டையை வெடிக்கும் வரை விட்டு இறக்க வேண்டியவன், வெடித்த சத்தம் காதில் விழுந்தும் கையை நீட்டாமல் நின்றிருக்கிறேன். ஒரு ஈடு முழுக்கக் கரி. ஏழாம் நாள் வாந்தி. முகம் கழுவிக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தபோது, நீ சொல்வதையெல்லாம் ஒவ்வொன்றாக நான் செய்துகொண்டிருப்பது தெரிந்தது. எனக்கும் உன்னைப் போலவே என் மேல் ஒவ்வாமை வந்துவிட்டதா என்ன?

இன்சூரன்ஸ்காரர் தொந்தரவுக்காக ஒரு வாயு அளக்கும் கருவி வாங்கி, இயந்திரத்துப் பக்கத்தில் மாட்டினேனே, அது என்றைக்கும் பூஜ்யம்தான் காட்டும். புகைக்குழாய் எல்லாவற்றையும் இழுத்துவிடும். அதைக் கழற்றிக்கொண்டு மாடிக்குப் போனேன். கதவைத் திறந்ததும் அலறியது. கட்டில் தலைமாட்டில் எழுபத்து நாலு. டிரம் மூடியைத் திறந்து உள்ளே நீட்டினால் எண்ணே காட்டவில்லை, அதன் அளவுக்கு மேல் போய்விட்டது.

கார்பன் மோனாக்சைடு. மூடின கொட்டகைக்குள் காரை ஓடவிட்டால் ஆளைக் கொல்லுமே, அந்த வாயு. வறுத்த கொட்டையிலிருந்து வாயு வரும் என்று எனக்குத் தெரியாதா? அதற்குத்தானே பைகளில் வால்வு வைக்கிறோம். வருவது கரியமில வாயு, சோடாவில் இருப்பது, அதனால் என்ன என்று இருந்துவிட்டேன். கூடவே இதுவும் வருகிறது. டிரம்மில் நல்ல வாசனையாக இருந்ததால் காற்றும் நல்லது என்று நினைத்தேன். இதற்கு வாசனை கிடையாது. பதினாறு டிரம், காற்று புகாமல் நானே ஒட்டின ஜன்னல். கீழே படுத்த எனக்கு ஒன்றும் ஆகவில்லை, மேலே படுத்த உனக்கு எல்லாம் ஆனது. நீ ஊருக்குப் போனால் இரண்டு நாளில் ரத்தம் சுத்தமாகிவிடும். இங்கே வந்தால் மறுபடி ஏறும்.

என் சோதனை தப்பு. மாறுவது ஒன்றுதான் என்று எழுதினேன். மாறியது இரண்டு.

ஜன்னலைப் பெயர்த்து எடுத்துவிட்டேன். டிரம்மெல்லாம் கொல்லைப்புறத் தகரக் கொட்டகையில். மூன்று நாளாக அளக்கிறேன், காலை, மதியம், இரவு. பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். எண்களைத் தனித் தாளில் எழுதி இணைத்திருக்கிறேன், பார்.

ஆக, தப்பு உன் மேலும் இல்லை, என் மேலும் இல்லை. உன் உடம்பு என்னை வேண்டாம் என்று சொல்லவே இல்லை. சனிக்கிழமை பஸ் ஏறு. நான் நிலையத்தில் நிற்பேன்.

அக்காவுக்கும் படித்துக் காட்டு.

மீட்டர்


ஜூன் 8

தூங்குமூஞ்சிக்கு,

நலம், நலம்தானே? சனிக்கிழமை நிலையத்தில் கடைசி பஸ் வரை நின்றேன். அடுத்த சனிக்கிழமையும் நின்றேன். கடிதம் வந்து சேர்ந்ததா இல்லையா? நாலு பக்கமும் ஒரு அட்டவணையும். கனம் அதிகம் என்று தபாலில் நிறுத்திவிட்டார்களோ என்று போய்க் கேட்டேன். இல்லையாம்.

அறைக்கு வெள்ளையடித்தாயிற்று. இன்றைக்கும் பூஜ்யம்.

பதில் எழுது. தேதி மட்டும் போதும்.

மீட்டர்


ஜூன் 20

உன் இரண்டு கடிதமும் வந்தன. நீ நலமாக இருப்பது தெரிந்து நிம்மதி. ஏழு நாள் அந்த அறையில் படுத்தாய் என்று படித்ததும் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன், அப்புறம்தான் மீதியைப் படித்தேன். மின்விசிறி ரிப்பேர் என்று எழுதியிருந்தாய். கீழே மூன்று இருக்கிறது. ஏன் மேலே போய்ப் படுத்தாய் என்று எனக்குத் தெரியும், அதை நீ எழுதாவிட்டாலும் பரவாயில்லை.

இனி அந்தப் பெயரில் என்னைக் கூப்பிடாதே. நான் அங்கே தூங்கவில்லை. மயங்கிக் கிடந்தேன்.

இனி நான் கேட்பதற்கு வருகிறேன். ரத்தக் கசிவு இருக்கிறது, படுக்கையை விட்டு எழக் கூடாது என்று டாக்டர் சொன்னது ஆகஸ்ட் கடைசியில். கீழ்ச்சுவர் ஒழுகுகிறது என்று நீ முதல் டிரம்மைத் தோளில் வைத்து மாடியேறி வந்தது அதே வாரம். அப்போது என்னால் நகர முடியாது, நீ கட்டிலைச் சுற்றி அடுக்கிக்கொண்டே போனாய். ஏழு வாரம். ஒரு நாள் சொன்னேன்: "ஜன்னலைக் கொஞ்சம் திறயேன், மூச்சு முட்டுது." நீ டிரம்மை நகர்த்திக்கொண்டே சொன்னாய்: "நீ படுத்துத்தான இருக்க, உனக்கு எதுக்கு அவ்வளவு காத்து?"

அந்தக் காற்று எனக்கு மட்டும் இல்லை.

உன் அட்டவணையை எடுத்துக்கொண்டு அக்காவோடு நம் டாக்டரிடம் போனேன். அந்தம்மா ரொம்ப நேரம் பார்த்தார். அதனால் போயிருக்கலாம், அது இல்லாமலும் போயிருக்கலாம், கசிவு அதற்கு முன்னாலேயே ஆரம்பித்துவிட்டது, அப்போதே ரத்தம் எடுத்துப் பார்த்திருந்தால்தான் தெரியும் என்றார். இனி யாராலும் சொல்ல முடியாதாம்.

நீ வேண்டுமென்று செய்தாய் என்று நான் நினைக்கவில்லை. எனக்குத் தொந்தரவு ஆகக் கூடாது என்றுதான் நீ பெஞ்சில் படுத்தாய். அதை அன்பு என்றுதான் அப்போதும் எடுத்துக்கொண்டேன், இப்போதும் அப்படித்தான். தலைவலி வாயுவால் வந்தது, ஒத்துக்கொள்கிறேன். ஆறு மாதம் வலிக்கிறது வலிக்கிறது என்று நான் சொல்லி உன் காதில் ஏறவில்லையே, அது எந்த வாயு? உனக்கே வலித்த பிறகுதான் கருவியைக் கழற்றினாய்.

அதையும்கூட விட்டுவிடுவேன். இதை விட முடியவில்லை. நாலு பக்கம் எழுதியிருக்கிறாய். கரியாகிப்போன ஒரு ஈடு காபிக்கு இரண்டு வரி இருக்கிறது. அவளுக்கு ஒரு வரி இல்லை. உனக்குத் தோன்றவில்லையா? தோன்றியும் எழுதாமல் விட்டாயா? தோன்றவில்லை என்றால் எழுதிவிடு, நான் வரமாட்டேன். தோன்றியும் விட்டிருந்தால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது.

இதற்கு மட்டும் பதில் போதும்.

நான்


ஜூலை 3

உன் உடம்பு எப்படி இருக்கிறது? தூக்கம் வருகிறதா? என் உடம்பில் ஒன்றும் இல்லை.

தோன்றியது.

கருவி எழுபத்து நாலு காட்டியதும் எனக்கு முதலில் உன் தலைவலி நினைவுக்கு வரவில்லை. ஆகஸ்டு கடைசிதான் வந்தது. மாடிப்படியில் உட்கார்ந்தேன். முதல் டிரம், இரண்டாவது, ஒன்பதாவது என்று எந்த வாரம் எதை ஏற்றினேன் என்று மனசு தானாக எண்ணிக்கொண்டு போனது. கீழே இயந்திரத்தில் காபி வெடித்துக்கொண்டிருந்தது. இறக்கவில்லை. அன்றைக்கும் ஒரு ஈடு கரி. அதை உனக்கு எழுதவில்லை.

அப்புறம் அந்த நாலு பக்கத்தை எழுதினேன். எண், எண்ணுக்குப் பக்கத்தில் எண். நடுவில் அவள் வந்து நிற்க இடம் விடாமல் எழுதினேன். தப்பு யார் மேலும் இல்லை என்ற வரி வந்ததும் பேனாவைக் கீழே வைத்தேன், மறுபடி எடுத்தேன். எழுதினேன். நீயே கண்டுபிடிக்காமல் இருந்திருந்தால் நான் சொல்லாமலே இருந்திருப்பேனா என்று நீ கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஆமாம்.

நானும் டாக்டரிடம் போனேன், உன் கடிதம் வந்த மறுநாள். உன்னிடம் சொன்னதையே சொன்னார். எனக்கு ஒரு விழுக்காடு வேண்டும் என்று கேட்டேன். நூற்றுக்கு எத்தனை என்று சொல்லுங்கள், பத்தோ தொண்ணூறோ, தாங்கிக்கொள்கிறேன் என்றேன். அந்தம்மா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "எந்த நம்பர் சொன்னா உங்களுக்குத் தூக்கம் வரும்? சொல்லுங்க, அதையே சொல்லிடறேன்" என்றார். வெளியே வந்து வராந்தாவில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பெருக்குகிறவர் வந்து காலைத் தூக்கச் சொன்னார், தூக்கினேன். போய்விட்டு மறுபடி வந்து தூக்கச் சொன்னார். அதுவரை அங்கேயே இருந்திருக்கிறேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து உன்னைக் கூட்டி வந்த அன்றைக்கு நான் பேசாததற்குக் காரணம் எழுத வேண்டும் என்று இரண்டு தாள் கிழித்தேன். பேசினால் உனக்கு வலிக்கும் என்று நினைத்தேன் என்று எழுதிப் பார்த்தேன். பொய். பேசினால் எனக்கு வலிக்கும். அவ்வளவுதான்.

மன்னிப்பு கேட்டு எழுதுவது சுலபம், அதனால் இங்கே எழுதவில்லை. அக்காவுக்குத் திட்டி எழுதவில்லை, நன்றி எழுதவும் தெரியவில்லை; நீ சொல். உடம்பைப் பார்த்துக்கொள். என் பெயரை இங்கேயே போட்டுவிடுகிறேன், மீட்டர். கீழே உள்ளது நான் செய்யப்போவது. இதில் உன் பதில் வந்த பிறகு என்று எதுவும் இல்லை.

1. மாடி அறை ஜன்னலுக்குக் கதவு வைக்க மாட்டேன். வலை அடிப்பேன். மழை வந்தால் நனையட்டும்.

2. என்னைப் போல வீட்டோடு வைத்து வறுப்பவர்கள் பதினோரு பேரை எனக்குத் தெரியும். ஒருவர் கைக்குழந்தையோடு கடைக்குப் பின்னாலேயே இருக்கிறார். ஒவ்வொருவரிடமும் நேரில் போய்க் கருவியைக் கையில் கொடுத்துச் சொல்வேன். எனக்குத் தெரிந்த ஒருவர் வீட்டில் நடந்தது என்று ஆரம்பிக்க மாட்டேன். என் வீட்டில் என்று ஆரம்பிப்பேன்.

3. தகரக் கொட்டகையில் காபி சரியாக ஆறவில்லை, தொப்பிக்காரர் மறுபடியும் புளிக்கிறது என்கிறார். புளிக்கத்தான் செய்கிறது. நாளைக்குப் போய் அவர் சொல்லி முடிக்கும் வரை கேட்டுவிட்டு வருவேன்.

4. பன்னிரண்டாம் தேதி, சனிக்கிழமை, முதல் பஸ்ஸில் அங்கே வருவேன். வீட்டுக்கு வா என்று கூப்பிட மாட்டேன். கருவி கொண்டுவர மாட்டேன்.

5. வாசலில் நின்று, வயிற்றில் இருக்கும்போது நாம் அவளுக்கு வைத்த பெயரைச் சொல்வேன். ஆஸ்பத்திரிக்குப் பிறகு அதை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. தெருவில் ஆள் இருந்தாலும் சொல்வேன்.

6. அதற்குப் பிறகு நீ கதவைத் திறக்காவிட்டால், அடுத்த சனிக்கிழமையும் வந்து சொல்வேன்.